மைக்காக்குழி வாசல்

உடைத்த கல்லில் தலைக்கு வைக்கிற எண்ணெயின் வாசம் இருந்தது.

முதலில் அது தன் கையில் ஒட்டியிருந்த வாசம் என்றே இராஜநாயகம் நினைத்தார். சுத்தியலைப் பாறைமேல் வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் முகர்ந்து பார்த்தார். இரும்பும் வியர்வையும்தான் மணத்தன. கல்லை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். சீனிக்கட்டியைப் பிளந்ததுபோலப் பளிச்சென்றிருந்த வெள்ளைக் கல், மாரித் தூறல் பட்டு ஈரமாயிருந்தது. குளித்து, உலர்த்தி, தேங்காயெண்ணெய் தடவி வாரி முடித்த ஒரு தலைக்குப் பக்கத்தில் பஸ்ஸில் நெருங்கி உட்கார நேர்ந்தால் எழும் அந்த இளஞ்சூட்டு வாசம், அதன் பிளவிலிருந்து எழுந்து, ஒரு மூச்சு நேரம் நின்று, காற்றோடு போயிற்று.

கல்லின் வாசங்கள் அவருக்குத் தெரியும். புவிச்சரிதவியல் திணைக்களத்தில் தலை நரைத்தவர். இது எதிலும் சேராத வாசம். கல்லைத் துணிப்பையில் போட்டு வாயைச் சுருக்கிக் கட்டினார்.

"என்ன ஐயா?" என்றாள் தங்கமுத்து. மலைச்சரிவு அவளுடைய காணி. சற்றுக் கீழே பாலை மரத்தடியில், கம்பி முறிந்த குடையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

"ஒண்டுமில்லை, தங்கச்சி."

சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. ஓய்ந்துவிட்டது என்று ஒருவரும் நம்பாத காலம். திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் கடல் கடக்கும் லாஞ்சிப் படகு மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. இராஜநாயகம் காலை லாஞ்சியில் வந்து, மூதூர்க்காரர் ஆதம்பாவாவின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, ஆமி, இயக்கம் என்று இரண்டு தரப்புச் சோதனைச்சாவடிகளிலும் இறங்கிப் பையைத் திறந்து காட்டி, சம்பூருக்குப் போகும் றோட்டை விட்டுக் காட்டுப்பாதையில் திரும்பி இந்த வெள்ளைக்கல்லடி மலைக்கு வருவார். மிதிவெடி எடுத்து முடிந்த பாதையின் இரு கரையிலும் சுண்ணாம்பு பூசிய கற்கள் கிடந்தன. அவற்றுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. மலையின் இடுப்பில் நின்று திரும்பிப் பார்த்தால் கொட்டியாரக்குடாக் கடல் சாம்பல் நிறத்தில் விரிந்திருக்கும். அதற்கு அப்பால் துறைமுகமும், அசையாத கடற்படைக் கப்பல்களும்.

மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரும் மனைவி மாகிரட்டும் ஆராதனை முடிந்து வீடு வந்தபோது, தங்கமுத்து வாசல் கேற்றடியில் நின்றாள். உள்ளே வந்து கதிரையில் உட்காராமல் நிலத்தில் இருந்து, சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளைக் கல்லை நீட்டினாள். கல்லுக்குள் மயிரிழை தடிப்பில் ஒரு மஞ்சள் கம்பி ஓடியது.

"எங்கட மலையில பொன் ஓடுது ஐயா. வந்து ஒருக்காத் திறந்து பாருங்கோ."

அன்றைக்கே குசினி மேசையில் வைத்து அமிலம் விட்டுப் பார்த்தார். பொன்தான். கலப்பில்லாத பொன். அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை. திணைக்களத்தில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் எதையாவது கண்டுபிடித்துப் பெயர் எடுத்தார்கள். அவருக்குக் கிடைத்த ஒரே பெயர் கல்லுப்பொறுக்கி. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். அவர் அறையைக் கடந்த பிறகு சிரிப்பார்கள். ஓய்வு பெற்ற அன்று கொடுத்த தேநீர் விருந்தில்கூட ஒருவன் அவர் கையில் ஒரு கூழாங்கல்லைப் பொதிந்து கொடுத்தான். அவரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடும். கொழும்பில் ஒரு கம்பனிக்கு எழுதினார். பார்த்துச் சொல்லுங்கள், இருக்கிறது என்றால் இயந்திரம் அனுப்புகிறோம் என்றார்கள்.

பாறைக்குள் நரம்புபோலப் போகும் வெள்ளைக் கல்லோட்டம் மலையின் குறுக்கே ஒரு முழ அகலத்தில் ஓடியது. வெளியே தெரிந்த இடமெல்லாம் உடைத்துப் பார்த்தாயிற்று, பொன் இல்லை. ஓட்டம் போய் நுழைந்த இடம் ஒரு பழைய குழி. வெள்ளைக்காரன் காலத்தில் மைக்கா வெட்டுவதற்காக மலைக்குள் படுக்கையாகக் குடைந்தது. அதன் வாய் கல்லால் அடைந்து கிடந்தது.

"எப்ப இடிஞ்சது?" என்று முதல் நாளே கேட்டிருந்தார்.

"தொண்ணூறில ஐயா." அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அது இடியவில்லை என்பது இராஜநாயகத்துக்குப் பார்த்த உடனேயே விளங்கியது. இடிந்து விழும் கல் பெரியது அடியில், சிறியது மேலே என்று பார்த்து விழுவதில்லை. இடுக்குகளில் சில்லுக் கல் செருகிக்கொள்வதும் இல்லை. கல்லடுக்கிச் சுவர் வைக்கிறவன் தான் நிற்கிற பக்கத்தைத்தான் மட்டமாக வைப்பான். இந்தச் சுவரின் கரடுமுரடான முதுகு வெளியே இருந்தது.

உள்ளே நின்றுதான் அடைத்திருக்கிறார்கள்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இந்தப் பக்கத்துச் சனம் எங்கெங்கே ஓடி ஒளித்தது என்பது திருகோணமலைப் பட்டினத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் அவளைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவள் சொல்லுவாள். சொன்னால் பொலிஸ் வரும், நீதவான் வருவார், செஞ்சிலுவைக்காரர் வருவார்கள், மலையைச் சுற்றி நாடா கட்டுவார்கள். கொழும்புக் கம்பனி அன்றைக்கே கையைக் கழுவிவிடும். அவர் கேட்கவில்லை. தங்கமுத்துவின் நெற்றியில் குங்குமம் இருந்தது, கையில் கண்ணாடிக் காப்பு இருந்தது. ஆனால் அவள் வீட்டில் ஒரு ஆணையும் அவர் கண்டதில்லை. அதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் கொண்டுவரும் சோற்றுப் பார்சலை வாங்கித் தின்றார். தின்னும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு சுவரைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஆதம்பாவா உதவிக்கு மேலே வர மறுத்துவிட்டார். "நான் கீழ நிக்கிறன் சேர். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு அங்க நிக்காதீங்க. எனக்கொண்டும் தெரியா, சொல்லிட்டன்" என்று சொல்லி, உழவு இயந்திரத்தின் பெட்டிக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

இரண்டு பேருமாகக் கல் எடுத்தார்கள். தங்கமுத்து ஆண்களைவிட வேகமாக எடுத்தாள். ஒவ்வொரு கல்லையும் எறியாமல், வாசலின் ஓரத்தில் பக்குவமாக அடுக்கினாள். நெஞ்சளவு உயரத்தில் ஒரு துவாரம் விழுந்ததும் உள்ளிருந்து காற்று வந்தது. பதின்மூன்று மாரி அடைந்து கிடந்த குழியின் காற்று குளிராக, பூஞ்சணம் பிடித்து வரவேண்டும். இது சூடாக வந்தது. சனம் நிறைந்த அறையின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி. கஞ்சி, ஈரத்துணி, குழந்தைக்குப் போடும் பவுடர், பயந்தவர்களின் வியர்வை.

இராஜநாயகம் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்திட்டு வாறன். நீங்கள் வெளிய நில்லுங்கோ" என்றார்.

ஆள் நுழையக்கூடிய அளவுக்குப் பிரித்ததும் டோர்ச்சோடு உள்ளே இறங்கினார். குனிந்தால் நடக்கலாம். நிலம் காய்ந்து, பெருக்கிவிட்டதுபோலத் துப்புரவாயிருந்தது. எலும்பு இல்லை. துணி இல்லை, பாய் இல்லை, பானை இல்லை. ஒன்றுமே இல்லை. அவர் நெஞ்சு இலேசாயிற்று. ஆக்கள் இல்லை என்பதற்காக அல்ல, வேலை நிற்காது என்பதற்காகவே அது இலேசானது என்று அவருக்கு உடனேயே தெரிந்தது. இருட்டில் தனியாக நின்றபோதும் முகம் சுட்டது.

வெள்ளைக் கல்லோட்டம் இடப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் தொடங்கி உள்ளே போனது. வெளியே இருந்ததுபோல மங்கலாக அல்ல, பால் தெளித்ததுபோல. டோர்ச்சைக் கிட்டப் பிடித்தார். மஞ்சள். ஒரு புள்ளி மஞ்சள். முழங்காலில் நின்று பேனாக்கத்தியின் நுனியைக் கல்லுக்குள் விட்டு நெம்பினார். கல் விட்டுக்கொடுத்தது. பொன் அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அது ஒரு காதுப்பூ. குழந்தைப் பிள்ளைக்குக் காது குத்தி முதன்முதலாகப் போடுகிற, அரிசி அளவு பூ. பின்னால் திருகிப் பூட்டும் சுரை பூட்டியபடியே இருந்தது. சுரையின் புரிகளுக்குள்ளும் வெள்ளைக் கல் வளர்ந்து நிறைந்திருந்தது.

கல் வளர எவ்வளவு காலம் வேண்டும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பதின்மூன்று வருஷத்தில் கல் வளராது. பதின்மூவாயிரம் வருஷத்திலும் இப்படி வளராது.

"ஐயா." வாசலில் இருந்து குரல் வந்தது. வெளிச்சத்துக்கு எதிரே அவள் தலை கறுப்பாகத் தெரிந்தது. "ஆக்கள் இருக்கினமோ?"

அவள் வாயால் ஆக்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கையை மூடினார். "ஒருத்தரும் இல்லை, தங்கச்சி."

"ஒண்டுமே இல்லையோ? ஒரு சாமான்கூட?"

"ஒண்டுமில்லை."

காதுப்பூ காற்சட்டைப் பைக்குள் போனது. யாரும் சொல்லாமல் கை தானாகவே செய்தது. உலகத்தில் வேறு எவரிடமும் இல்லாத ஒரு பொருள் அது. அதை ஒரு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, சிரித்தவர்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக் காட்டுவதுபோல் ஒரு காட்சி அவர் மனதில் ஓடியது. அதைத் தடுக்க அவருக்கு ஏலவில்லை.

வெளியே வந்தபோது தங்கமுத்து நிலத்தில் இருந்தாள். குடை ஒரு பக்கம் கிடந்தது.

"நான் உங்களுக்குப் பொய் சொன்னனான் ஐயா" என்றாள். "பொன் எடுக்க உங்களைக் கூப்பிடேல்ல. உள்ளுக்குள்ள ஆக்கள் எண்டு போகாத இடமில்லை, சொல்லாத ஆளில்லை. எழுதிக்கொண்டு போனாங்கள், ஒருத்தரும் வரேல்ல. பொன் எண்டன். நீங்கள் வந்தீங்கள்."

அவர் கடலைப் பார்த்தார்.

"ஷெல் விழத் தொடங்கினதும் ஊரே மேல ஏறினது. என்ர மனுசனும் மகள் ராசமலரும் உள்ளுக்கு. அவளுக்கு அப்ப மூண்டு வயசு. தண்ணி இல்லையெண்டு நான் குடத்தோட இறங்கினன். ஷெல் அடி திரும்பி ஏற விடேல்ல. விடிய வந்து பாத்தால் வாசல் அடைச்சுக் கிடக்கு. கத்தினன், கூப்பிட்டன். நான்தான் எண்டு அவைக்குத் தெரியேல்லையோ, பயத்தில திறக்கேல்லையோ… பிறகு எங்களை லொறியில ஏத்தி அகதிக் காம்புக்குக் கொண்டு போயிட்டாங்கள். திரும்பி வந்த பிறகு நானும் கல்லில கை வைச்சுப் பாத்தனான். தனிய ஏலாது ஐயா. பயம்." அவள் குரல் உயரவே இல்லை. "உங்களுக்குக் காட்டின கல்லு நான் உடைச்சதில்லை. ஒவ்வொரு மாரிக்கும் வாசலடியில ஒண்டு கிடக்கும். உள்ளுக்கிருந்து தள்ளினமாதிரி. இருக்கிறதையெல்லாம் தாறம், எங்களை விடுங்கோ எண்டு கேக்கிறமாதிரி."

மழை வலுத்தது. பைக்குள் இருந்த கையை இராஜநாயகம் வெளியே எடுக்கவில்லை. இப்போது கொடுத்துவிடலாம். ஒரு சொல் போதும். ஆனால் கொடுத்தால், இல்லை என்று சொன்ன வாயை என்ன செய்வது? அவள் முன்னால் அந்த முகத்தை எங்கே வைப்பது?

"கடைசியில ஒரு வளைவு இருக்கு" என்றாள் அவள். "அங்கால பாத்தீங்களோ?"

"இல்லை."

"ஒருக்காப் பாருங்கோ. உங்களைக் கும்பிட்டன்."

அவளுடைய கண்ணிலிருந்து தப்புவதற்காகவே அவர் திரும்பவும் உள்ளே போனார்.

காதுப்பூவை நெம்பிய இடத்தில் டோர்ச்சைப் பிடித்தார். கரும்பாறை. வெள்ளைக் கல் இல்லை. கத்தி பட்ட அடையாளமும் இல்லை. இடம் மாறிவிட்டது என்று நினைத்து முன்னும் பின்னும் தடவினார். சுவர் முழுவதும் கருமையாய், உரசல் இல்லாமல் கிடந்தது. ஓட்டம் உள்ளே போய்விட்டிருந்தது. தொட்டால் சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும் நத்தையைப்போல.

திரும்பியிருக்க வேண்டும். திரும்பினால் வாசலில் அவள்.

நடந்தார். சூடு கூடிக்கொண்டு வந்தது. சட்டை முதுகில் ஒட்டியது. மழையின் சத்தம் பின்னால் மெலிந்து, மெலிந்து, நின்றுபோயிற்று. அதற்குப் பதிலாக வேறொன்று. சத்தம் என்று சொல்ல முடியாது. நிறையப் பேர் ஓரிடத்தில் சத்தம் போடாமல் இருக்கும்போது ஒரு அடர்த்தி இருக்குமே. அது.

வளைவு.

வெளிச்சம் போய் விழுந்த இடம் வெள்ளை. நிலத்திலிருந்து கூரை வரைக்கும் வெள்ளை. பெரிய ஓட்டம், எவரும் கண்டிராத ஓட்டம் என்று ஒரு கணம் அவர் மனம் துள்ளியது. அதில் மஞ்சள் புள்ளிகள். இரண்டு இரண்டாக.

டோர்ச்சைத் தாழ்த்தினார்.

முழங்கால்கள்.

ஒன்றோடொன்று ஒட்டி, சுவரோரமாகக் குந்தியிருந்த முழங்கால்கள். அவற்றைக் கட்டிய கைகள். தோளில் சாய்ந்த தலைகள். தலைவாரிய வகிடு. எல்லாம் வெள்ளைக் கல். காதுகளில் மஞ்சள். கழுத்துகளில் மஞ்சள். கண்கள் மூடியிருந்தன. வாய்கள் மூடியிருந்தன. சத்தம் போடக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் மூடுவதுபோல, இறுக்கமாக.

முன்வரிசையில் ஒரு ஆணின் மடியில் ஒரு சின்னத் தலை. வலக் காதில் அரிசி அளவு பூ. இடக் காது மடலில் ஒரு புதுப் பிளவு. கத்தி நுனி அகலத்தில். அதன் ஓரத்தில் வெள்ளைத் தூள். தூள் ஈரமாயிருந்தது.

அந்தத் தலை மட்டும் கண் திறந்திருந்தது.

அவரைப் பார்த்தது. கோபமில்லை. அழுகையில்லை. பெரியவர் ஒருவர் தன் பொருளை எடுத்ததைக் கண்ட குழந்தையின் பார்வை. திருப்பித் தருவார் என்று நினைக்கிற பார்வை.

அவர் ஓடினார். தலை கூரையில் இடித்தது. டோர்ச் விழுந்தது. எடுக்கவில்லை. கையால் சுவரைத் தடவித் தடவி, வெளிச்சத்தை நோக்கி, நாலு காலில், நாயைப்போல.

வாசலுக்கு வெளியே சேற்றில் விழுந்து கிடந்தவரைத் தங்கமுத்து பார்த்தாள்.  அவர் முகத்திலேயே படித்துவிட்டாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் அவருக்கு எல்லாவற்றிலும் பயங்கரமாயிருந்தது.

"இருக்கினம்" என்றாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் கால் வைத்தாள். அவர் தடுத்திருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில்தான் அவளுடைய தலைப்பு போனது. அவர் பிடிக்கவில்லை. போகட்டும் என்று நினைத்தார். போனால், இல்லை என்று அவர் சொன்னதைக் கேட்டவர் ஒருவரும் இல்லாமல் போய்விடும். அப்படித்தான் நினைத்தார், நினைத்ததை அவரே கேட்டார்.

"போகாதேங்கோ" என்றார். அவள் முழுதாக உள்ளே போன பிறகுதான் சொன்னார்.

நெடுநேரம் மழை மட்டும். கீழே ஆதம்பாவாவின் குரல் கூப்பிட்டது. "சேர்! பொழுது படுது சேர்!" அவர் சேற்றில் கிடந்தபடி வாசலையே பார்த்தார்.

பிறகு உள்ளே பேச்சுக் கேட்டது. தங்கமுத்துவின் சிரிப்பு. அதற்குமேல் ஒரு ஆண் குரல். அதற்குமேல் பல.

"ஐயா." துவாரத்துக்கு மிகக் கிட்டவாக அவள் குரல். "அந்தக் கல்லுகளைத் தாங்கோ. அடைக்கோணும். இவையெல்லாரும் பயப்பிடினம்."

ஒரு கை நீண்டது. கண்ணாடிக் காப்புப் போட்ட கை. அவர் எழுந்தார். அவள் அடுக்கிவைத்திருந்த கல்லில் ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தார். கை அதை உள்ளே வாங்கிக்கொண்டது. இன்னொன்று கொடுத்தார். வேகமாகக் கொடுத்தார். அடைபடட்டும். எல்லாம் உள்ளே போய் அடைபட்டுப் போகட்டும். பைக்குள் அந்தப் பூ தொடையைச் சுட்டது.

அடுத்த கல்லை வாங்கிய கையில் காப்பு இல்லை. அகன்ற ஆண் கை. வெள்ளை.

அதற்கு அடுத்தது இன்னொன்று. கிழிந்த நகம். வெள்ளை.

அவர் நிறுத்தவில்லை. கொடுத்தார். கொடுத்துக்கொண்டேயிருந்தார். வாங்கும் கைகள் மாறிக்கொண்டேயிருந்தன. துவாரம் சுருங்கியது. ஒரு கல்லுக்கு மட்டும் இடம் மிஞ்சியது.

அந்த இடத்துக்குள்ளால் ஒரு குழந்தைக் கை வந்தது. மணிக்கட்டு வரை. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களை விரித்து.

அது கல்லுக்கு வரவில்லை என்று அவருக்குத் தெரியும். அவர் கை பைக்குள் போயிற்று. விரல் பூவைத் தொட்டது. அதன் சுரையைத் தொட்டது. மழை அவர் முகத்தில் வழிந்தது.

வெறும் கையை வெளியே எடுத்தார். கடைசிக் கல்லைக் குனிந்து எடுத்து, அந்தச் சின்ன உள்ளங்கையில் வைத்தார்.

பாரத்தில் கை தாழ்ந்தது. கல்லை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே அது நிலத்தில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

பிறகு அந்தக் கை மறுபடியும் வெளியே வந்து, விரிந்து, நின்றது.